பதின்மூன்றாவது பந்து

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி உள்ளரங்கத்தின் வாசலில் ஒட்டியிருந்த ஆட்டப் பட்டியலை ஸ்டெபி மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதில் ஒன்றும் மாறவில்லை. மாவட்ட டேபிள் டென்னிஸ், மகளிர் ஒற்றையர். மேல் பாதியில் அவள் பெயர். நாலு வரி தள்ளி, அதே பாதியில், அவள் மகள் டார்லின் பெயர். சனிக்கிழமை ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்தால், ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் அம்மாவும் மகளும் எதிரெதிரே நிற்க வேண்டும்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்க?” என்று பின்னாலிருந்து டார்லின் கேட்டாள். அவளும் பட்டியலைப் பார்த்தாள். பதினைந்து வயசு. “மொதல்ல இன்னைக்கு ரெண்டையும் ஜெயிப்போம்” என்று சொல்லிவிட்டு ஷூ நாடாவை இறுக்கக் குனிந்தாள்.

இரண்டு பேரும் ஜெயித்தார்கள். டார்லின் அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் ஆட்டம் அடி ஆட்டம். மேசைக்கு ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே சுழற்றி அடிப்பாள். ஸ்டெபியின் ஆட்டம் அதற்கு நேர் மாறு. மேசையிலிருந்து ஆறேழு அடி பின்னால் போய், மட்டையை மேலிருந்து கீழே வெட்டுகிற மாதிரி இறக்கி, எவ்வளவு வேகமாக வந்த பந்தையும் பையத் திருப்பி அனுப்புவாள். அதை ‘சாப்’ என்பார்கள். அவள் மட்டையில் ஒரு பக்கம் வழவழப்பான சிவப்பு ரப்பர், மறுபக்கம் நீளநீளமாய் முள் வைத்த கறுப்பு ரப்பர். கறுப்பில் பட்டு வருகிற பந்து நேராக வராது. நெளியும், தயங்கும், சில சமயம் மேசையில் விழுந்தபின் செத்த மாதிரி நின்றுவிடும். எதிரே நிற்பவள் பொறுமை இழந்து ஓங்கி அடித்து வலையில் சொருகுவாள். ஸ்டெபிக்குக் கிடைக்கும் பாயிண்டில் பாதி அப்படித்தான் வரும். முப்பத்தேழு வயசில், பள்ளி நூலகராய் நாளெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு, சின்னப் பிள்ளைகளை இப்படித்தான் அவள் திணறடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா பாக்கியசீலன் ஆங்கில வாத்தியார், டென்னிஸ் பைத்தியம். விம்பிள்டன் நடக்கிற இரண்டு வாரமும் டி.வி. இருக்கிற வீடாகத் தேடிப்போய் உட்கார்ந்துவிடுவார். ஸ்டெபி என்ற ஜெர்மன்காரி விம்பிள்டன் ஜெயித்த எண்பத்தெட்டில் பிறந்த மகளுக்கு வேறு பெயர் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் பிள்ளை வளர்ந்தபோது கைக்கெட்டியது டென்னிஸ் தரை அல்ல, சர்ச் வாலிபர் மன்றத்து அறையில் கிடந்த ஒற்றை மேசை. “பாதகம் இல்ல. இதுவும் டென்னிஸ் பெத்த பிள்ளைதான்” என்றார் அப்பா. மழைக்கும் குளிருக்கும் வெளியே போக முடியாத இங்கிலாந்துக்காரர்கள், சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி டென்னிஸை ஆடிப் பார்த்ததில் பிறந்த ஆட்டம் என்று கதை சொல்வார். கொரோனா காலத்தில் கதவடைத்துக் கிடந்தபோது, பத்து வயது டார்லினோடு ஸ்டெபி அதையேதான் செய்தாள். சாப்பாட்டு மேசை, நடுவில் பழைய வினா-விடைப் புத்தகங்கள், ஒரு வெள்ளைப் பந்து. கல்லூரிக் காலத்தில் இரண்டு தடவை மாநிலப் போட்டிக்குப் போய் இரண்டு தடவையும் முதல் சுற்றிலேயே திரும்பி வந்தவள், டார்லின் பிறந்த பிறகு மட்டையை எடுத்தது அன்றைக்குத்தான். ஊரடங்கு முடிந்ததும் டார்லினை நடராஜிடம் பயிற்சிக்கு விட்டார்கள். மகளைக் கொண்டுவிடப் போன இடத்தில், சும்மா நிற்பானேன் என்று ஸ்டெபியும் ஆட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், கணவன் ரிச்சர்ட் ஸ்டெபியை வேப்பமரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். தாலுகா ஆபீஸில் கிளார்க். கோபப்படத் தெரியாத மனுஷன். எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வான்; அன்றைக்கு நேராகவே சொன்னான்.

“ஃபைனலுக்கு வார ரெண்டு பேருதான் ஸ்டேட்டுக்குப் போறது. சரியா?”

“ஆமா.”

“ஜூனியர் செலக்‌ஷன் அன்னைக்கு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சு. இந்த வருஷம் அவளுக்கு இது ஒண்ணுதான் வழி. நீ சும்மா ஆடுதவ. அவ நாளைக்கு எங்கயோ போகப் போறவ. நாலு பந்த அங்கன இங்கன விட்டா என்ன கொறஞ்சிரும்?”

அவன் சொன்னது எதுவும் ஸ்டெபிக்குப் புதிதல்ல. முந்தின நாள் பஸ்ஸில் வரும்போதே அவளே அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். அவளைக் குத்தியது ‘சும்மா ஆடுதவ’ என்ற வார்த்தை மட்டும்.

அரங்கத்துக்குப் போனதும் டார்லின் அவளைப் படிக்கட்டுப் பக்கம் நிறுத்தினாள்.

“அப்பா உங்கிட்ட என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்மா.”

“ஒண்ணும் சொல்லலையே.”

“பொய் சொல்லாத. நீ வேணும்னு ஒரு பந்த விட்டாலும் எனக்குத் தெரிஞ்சிரும். அஞ்சு வருஷமா உன் பந்தத்தான் பாக்கேன். அப்படி விட்டேன்னா, பேட்டை மேசையில வெச்சிட்டு அப்படியே வெளிய போயிருவேன். சொல்லிட்டேன்.”

ஸ்டெபி மகளைப் பார்த்தாள். பிள்ளையின் மூக்கு நுனி சிவந்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“ஏட்டி, எனக்கும் ஸ்டேட்டுக்குப் போக ஆசையாத்தான் இருக்கு” என்றாள் ஸ்டெபி. இதை வாய்விட்டு யாரிடமும் அவள் சொன்னதில்லை.

“பொறவென்ன? ஆடு” என்றாள் டார்லின்.

இரண்டு பேருக்கும் பொதுவானவன் என்பதால், பயிற்சியாளர் நடராஜ் இடையிடையே யோசனை சொல்கிறவருக்கான நாற்காலியில் யார் பக்கமும் உட்கார மறுத்துவிட்டான். “நான் மேல போய் உக்காந்துக்கிடுதேன் அக்கா. ரெண்டு பேரும் நல்லா ஆடுங்க” என்று சொல்லி ரிச்சர்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தான். நடுவராக வந்தவர் ராஜராஜேஸ்வரி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், விதிப் புத்தகத்தில் கமா எங்கே இருக்கிறது என்பது வரை தெரிந்தவர். அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காசைச் சுண்டினார்.

ஐந்து கேம், மூன்று ஜெயிக்கிறவருக்கு ஆட்டம். முதல் இரண்டு கேமும் ஸ்டெபிக்கு. டார்லின் அடித்துக்கொண்டே இருந்தாள். அவள் அடிக்க அடிக்க ஸ்டெபி பின்னால் பின்னால் போய் வெட்டி அனுப்பிக்கொண்டே இருந்தாள். எட்டாவது அடியிலோ பத்தாவது அடியிலோ பந்து வலைக்குள் போகும். பதினொன்று-ஏழு, பதினொன்று-எட்டு. ரிச்சர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மூன்றாவது கேமில் டார்லின் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஸ்டெபிக்கு முதலில் புரியவில்லை. பிள்ளை சோர்ந்துவிட்டாளோ என்று நினைத்தாள். டார்லின் மேசையை ஒட்டி நின்று, வந்த பந்தை மெதுவாகத் தள்ளினாள். ஸ்டெபியும் தள்ளினாள். அவள் மறுபடி தள்ளினாள். ஒரு பாயிண்டுக்கு முப்பது, நாற்பது தடவை பந்து வலையைக் கடந்தது. கேலரியில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஸ்டெபி அடிக்கப் போவதில்லை. அடிப்பது அவள் ஆட்டம் இல்லை. டார்லினும் அடிப்பதாக இல்லை. ஏழுக்கு ஆறு என்று ஸ்டெபி முன்னால் நின்றபோது, பந்து ஓடிக்கொண்டிருக்கையிலேயே ராஜராஜேஸ்வரி கையை உயர்த்தி, “டைம்” என்றார்.

அரங்கத்தில் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. நடராஜ் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

“என்ன ஆச்சு சார்?” என்று ரிச்சர்ட் கேட்டான்.

“பத்து நிமிஷம் ஆயிட்டு. பதினெட்டு பாயிண்ட் வரல. ‘எக்ஸ்பெடைட்’ விதி வந்துட்டு. இத்தன வருஷத்துல நான் ஒரே ஒரு தடவதான் இதப் பாத்திருக்கேன்.”

அந்த விதிக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், பிராக் நகரத்து உலகப் போட்டியில், இரண்டு பேர் இப்படித்தான் தள்ளிக்கொண்டே நின்றார்களாம். ஒரே ஒரு பாயிண்ட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியதாம். இனி இது ஆகாது என்று ஆட்டக் கழகத்தார் நேரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அந்த விதி சொல்வது இதுதான்: பத்து நிமிஷத்துக்குள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினெட்டு பாயிண்ட் வராவிட்டால், அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு சர்வீஸ் மாறி மாறிப் போட வேண்டும். சர்வீஸ் போடுகிறவர்தான் பாயிண்டை முடிக்க வேண்டும். எதிராளி பதின்மூன்று முறை பந்தைச் சரியாகத் திருப்பிவிட்டால் பாயிண்ட் எதிராளிக்கு. இது ஒருமுறை வந்துவிட்டால் அந்த ஆட்டம் முடிகிற வரைக்கும் போகாது.

எண்ணுவதற்கு இன்னொரு நடுவர், ஹெப்ரான் என்பவர், மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஸ்டெபி மகளை நிமிர்ந்து பார்த்தாள். டார்லின் முகத்தில் ஆச்சரியம் துளியும் இல்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்போதுதான் ஸ்டெபிக்கு விளங்கியது. பிள்ளை சோரவில்லை. முன்பே தீர்மானித்துத்தான் இந்த இடத்துக்குத் தன்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நடராஜ் சொல்லிக்கொடுத்ததில்லை, அவன் திகைத்து நிற்பது கீழிருந்தே தெரிந்தது. விதிப் புத்தகத்தைத் தானாகப் படித்து, அம்மாவின் கோட்டைக்கு எங்கே கதவு இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். அடிக்கத் தெரியாத ஒருத்தியை அடித்தே தீர வேண்டும் என்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

‘அடி என் மகளே’ என்று ஸ்டெபி மனசுக்குள் சொன்னாள். தோற்கப் போகிறோமே என்ற பயத்தோடு சேர்ந்து நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது.

அந்தக் கேம் போயிற்று. நாலாவதும் போயிற்று. டார்லின் சர்வீஸ் போட்டால் நாலைந்து அடியில் முடித்தாள். ஸ்டெபி சர்வீஸ் போட்டால், எண்ணிக்கை “ஒண்ணு, ரெண்டு” என்று காதில் விழுந்ததுமே கை பதறி ஓங்கி அடித்து வெளியே அனுப்பினாள். பதினொன்று-எட்டு, பதினொன்று-ஆறு. ஆளுக்கு இரண்டு கேம்.

கடைசிக் கேமுக்கு முன்னால் ஒரு நிமிஷம் இடைவெளி. ஸ்டெபி தண்ணீரைக் குடித்துவிட்டு, துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே பார்த்தால் ரிச்சர்டின் முகம் தெரியும், பார்க்கவில்லை. எங்கே தப்பு பண்ணுகிறோம் என்று யோசித்தாள். பதின்மூன்றாவது பந்து திரும்பி வந்தால்தானே பாயிண்ட் போகும்? அதுவரை பன்னிரண்டு பந்து தன் கையில் இருக்கிறது. அதில் இரண்டாவது பந்திலேயே எதற்குத் தலைதெறிக்க ஓடுகிறோம்? அப்புறம், பிள்ளை சர்வீஸ் போடும்போது கணக்கு தலைகீழ். அவள்தான் அடிக்க வேண்டும். தனக்குப் பதின்மூன்று பந்தைத் திருப்பினால் போதும். பந்தைத் திருப்புவதைத் தவிர இத்தனை வருஷமாக வேறென்ன செய்தோம்?

துண்டை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

ஐந்தாவது கேமைப் பார்த்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற மேசைகளில் ஆட்டம் முடித்தவர்கள் எல்லாரும் தடுப்புப் பலகையைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். ஸ்டெபி இப்போது பதறவில்லை. தன் சர்வீஸில் ஏழு பந்து, எட்டுப் பந்து பொறுமையாகத் தள்ளினாள். கொஞ்சம் உயரமாக ஒன்று வந்ததும், மட்டையை விரலுக்குள் திருப்பி, சிவப்பு ரப்பரால் பளீரென்று அறைந்தாள். கறுப்பு ரப்பர் மாட்டுவதற்கு முன்னால், வாலிபர் மன்றத்து மேசையில் பையன்களோடு ஆடிய காலத்து அடி அது. டார்லின் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு முறை பந்து கடந்து போனபின்தான் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் டார்லினும் விடுகிற ஆள் இல்லை. ஐந்து-மூன்று என்று பின்தங்கி, கடைசிக் கேமின் வழக்கப்படி பாதியில் பக்கம் மாறியவள், எட்டு-எட்டு என்று பிடித்துவிட்டாள். பத்து-ஒன்பது என்று முன்னால் போய்விட்டாள். இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் அவளுக்கு. சர்வீஸ் ஸ்டெபியுடையது. ஹெப்ரான் “ஒம்பது” என்று எண்ணும்வரை தள்ளிக்கொண்டிருந்த ஸ்டெபி, அடுத்த பந்தை மூலையில் இறக்கினாள். பத்துக்குப் பத்து. இனி இரண்டு பாயிண்ட் முன்னால் போகிறவருக்குத்தான் ஆட்டம்.

இப்போது டார்லின் சர்வீஸ்.

முதல் மூன்று அடியும் ஸ்டெபியின் வலது கோடிக்கு. நாலாவது இடது கோடிக்கு. ஸ்டெபி ஓடி ஓடி வெட்டினாள். “அஞ்சு… ஆறு…” டார்லின் வலைக்கு ஒட்டி ஒரு பந்தை மெல்ல இறக்கினாள். ஸ்டெபி முன்னால் பாய்ந்து மேசையில் வயிறு இடிக்க எடுத்தாள். உடனே அடுத்த அடி நீளமாக வந்தது. பின்னுக்கு ஓடி முழங்காலுக்குக் கீழே அதை வெட்டினாள். “ஒம்பது… பத்து…” டார்லினின் கண்ணில் இப்போது அவசரம் தெரிந்தது. பதினொன்றாவதைத் தோளிலிருந்து அடித்தாள். வந்தது. பன்னிரண்டாவதை அதைவிட வேகமாக அடித்தாள். அதுவும் வந்தது. கடைசி அடியை, கோடிக்கு அடிக்காமல், நேரே அம்மாவின் நெஞ்சுக்கு அடித்தாள். எந்தப் பக்கமும் விலக நேரமில்லாத பந்து. ஸ்டெபி மட்டையை மார்போடு அணைத்துக்கொண்ட மாதிரி வைத்து அமுக்கினாள். பந்து தயங்கித் தயங்கி வலையைத் தாண்டி மறுபக்கம் விழுந்தது.

“பதிமூணு” என்றார் ஹெப்ரான்.

பதினொன்று-பத்து. ஸ்டெபி பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். டார்லின் மேசையிலிருந்து ஒரு எட்டுப் பின்னால் நின்றாள். அம்மா ஏழெட்டுப் பந்து தள்ளிவிட்டுத்தான் அடிப்பாள் என்று அதற்குள் படித்துவிட்டிருந்தாள். ஸ்டெபி குட்டையாக ஒரு சர்வீஸ் போட்டாள். டார்லின் அதைச் சாதாரணமாகத் தள்ளினாள். திரும்பி வந்த அந்த முதல் பந்தையே ஸ்டெபி முழுக் கையால் அறைந்தாள். டார்லின் கை நீட்டியபோது பந்து அவளைத் தாண்டித் தடுப்புப் பலகையில் மோதியிருந்தது.

எங்கிருந்தோ ஆரம்பித்த கைதட்டல் அரங்கம் முழுக்கப் பரவிற்று. நடுவர் நாற்காலியில் ராஜராஜேஸ்வரி ஆட்டத் தாளில் எழுதி முடித்தபின், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டார்லின் அம்மாவுக்குக் கை கொடுத்தாள், இரண்டு நடுவர்களுக்கும் கொடுத்தாள், பையை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது. ரிச்சர்ட் வேகமாக இறங்கி வந்தான்.

“பிள்ள அழுவுது பாரு.”

“அழட்டும்” என்றாள் ஸ்டெபி. “இம்புட்டு நல்லா ஆடித் தோத்தா அழுகை வரத்தாங்க செய்யும். நான் வேணும்னு தோத்திருந்தா, அவ எப்படி ஆடுனான்னு அவளுக்கே தெரியாமப் போயிருக்கும். நீங்க பாத்தீங்கல்லா, அந்தப் பிள்ள என்னய எப்படி மடக்குச்சின்னு? நடராஜ் சாருக்கே தோணாதது அது.”

ரிச்சர்ட் தூணுக்குப் பக்கத்தில் போய், மகளுக்கு ஒரு கை தள்ளி, தரையில் உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் நாலு மணிக்கு இறுதி ஆட்டம். எதிரே ப்ரீதா, மருத்துவக் கல்லூரி மாணவி, போன வருஷத்து சாம்பியன். ஸ்டெபி கால் தசைப் பிடிப்பை நீவிக்கொண்டு மேசைக்குப் போனபோது, தன் பக்கத்து நாற்காலியில் யாரோ உட்காருவதைப் பார்த்தாள். முகம் கழுவி, முடியை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, டார்லின்.

“ப்ரீதாக்காவுக்கு நெஞ்சுக்கு நேரா வார பந்து ஆகாதும்மா. நான் பாத்து வெச்சிருக்கேன்” என்றாள், வேறெதுவும் நடக்காதது போல.

அந்த யோசனையில் ஒரு கேம் எடுத்தாள் ஸ்டெபி. அதற்கு மேல் கால் கேட்கவில்லை. ஒன்றுக்கு மூன்று என்று ப்ரீதா ஜெயித்தாள். அரங்கத்திலிருந்து கிளம்பும்போது ரிச்சர்ட் வள்ளியூரில் இருக்கிற தன் அக்காவுக்கு போன் பண்ணி, “முழுசாக் கேளு, நடுவுல பேசாத” என்று ஆரம்பித்து, பஸ் வருகிற வரைக்கும் ஐந்தாவது கேமைப் பந்து பந்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சும்மா ஆடுதவ என்ற வார்த்தை அவன் வாயில் அப்புறம் வரவே இல்லை.

மாநிலப் போட்டிக்கு ஸ்டெபியோடு டார்லினும் போனாள், நாற்காலியில் உட்காருவதற்கு. முதல் சுற்றில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தியை ஸ்டெபி மூன்று நேர் கேமில் ஜெயித்தாள். ஆட்டம் முடிந்து துண்டை எடுக்க வந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண், “யார் அவங்க? எவ்வளவு அடிச்சாலும் திருப்பி அனுப்புறாங்களே” என்று டார்லினைக் கேட்டது காதில் விழுந்தது.

“எங்கம்மா” என்றாள் டார்லின். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். “அரையிறுதியில என்னய ஜெயிச்சுட்டுத்தான் இங்க வந்திருக்காங்க. பன்னெண்டு-பத்து. அஞ்சாவது கேம்ல.”

ஸ்டெபி கேட்காதவள் போலத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள். இரண்டாவது சுற்றுக்கு அவள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.